வீடு மாறினோம், இணையம் வரவில்லை



தோட்டப்புறத்துக் குடும்பங்களுக்கு வீடு மாறுவது புதிய செய்தி அன்று. ஒரு டிவிசனிலிருந்து இன்னொரு டிவிசனுக்கு மாற்றல் வரும். தோட்டம் வீட்டுமனைத் திட்டத்துக்குப் போய்விட்டால், லயத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோக வேண்டியிருக்கும். வேலை ஓய்வுக்குப் பின் பிள்ளைகள் வாங்கிய தாமான் வீட்டுக்குப் போவோரும் உண்டு. முன்பெல்லாம் பால் காய்ச்சி, சாமி படத்தை மாட்டி, அடுப்பைப் பற்ற வைத்தால் குடிபோன வேலை முடிந்தது. இன்று அவற்றோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அதுதான் இணையம்.

இணையத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, நம் பிள்ளைகளின் வகுப்பறை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. பள்ளிகள் திறந்த பிறகும் வீட்டுப்பாடமும் பள்ளி அறிவிப்பும் வாட்சாப் குழுவில்தான் வருகின்றன. ஊழியர் சேமநிதிக் கணக்கைப் பார்ப்பதும், அரசாங்க உதவித் தொகைக்கு மனுச் செய்வதும், ஜொகூரில் வேலை செய்யும் மகளின் முகத்தைப் பார்த்துப் பேசுவதும் இதன் வழியாகத்தான். ஆகவே புது வீட்டில் இணையம் வரவில்லையென்றால், அதை மெத்தனமாக விட்டுவிடலாகாது.

வீடு மாறிய குடும்பங்களில் நாம் அடிக்கடி காண்பது இது. பெட்டியை மின்சாரத்தில் மாட்டுகிறார்கள். விளக்கு எரிகிறது. கைப்பேசியில் பெயரும் தெரிகிறது. ஆனால் எதுவும் திறப்பதில்லை. உடனே சச்சரவு தொடங்குகிறது. "நீதான்டா எதையோ நோண்டிட்டே" என்கிறார் அம்மா. "இல்லம்மா, நான் தொடவே இல்ல" என்கிறான் பையன். "பெட்டி போச்சு, வேற வாங்கணும்" என்கிறார் அப்பா. பையன் ஏச்சு வாங்குகிறான். வீட்டில் பணமும் செலவாகிறது. உண்மையில் பையனும் குற்றவாளி அல்லன், பெட்டியும் கெட்டுப் போகவில்லை என்பதே பல வேளைகளில் முடிவாக இருக்கிறது.

எனவே இன்றைய பேச்சில் ஒரே ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்வோம். பழுதைச் சரிசெய்வதற்கு முன், பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இது நமக்குப் பழக்கமான முறைதான். லயத்தில் காலையில் குழாயைத் திறக்கிறோம், தண்ணீர் வரவில்லை. உடனே புதுக் குழாய் வாங்க ஓடுகிறோமா? இல்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம், "உங்க வீட்டுல தண்ணி வருதா?" என்று கேட்கிறோம். அங்கும் வரவில்லையென்றால் கோளாறு தொட்டியிலோ பெரிய குழாயிலோ இருக்கிறது. அங்கு வருகிறது, நமக்கு மட்டும் வரவில்லையென்றால் கோளாறு நம் வீட்டில் இருக்கிறது. இணையத்துக்கும் இதே முறைதான்.

இணையம் நம் கைக்கு வந்து சேர்வதற்குள் மூன்று வழிகளைக் கடக்கிறது. முதல் வழி, நிறுவனத்திலிருந்து நம் வீட்டுச் சுவர் வரை வரும் கம்பி. இரண்டாவது, சுவரிலிருந்து வரும் செய்தியை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. நூல்களில் இதனைத் திசைவி என்று எழுதுகிறார்கள். நாம் வீட்டில் மோடம் என்கிறோம். மூன்றாவது, பெட்டியிலிருந்து கைப்பேசி வரை உள்ள காற்றுவெளி. இதைத்தான் வைஃபை என்கிறோம். பலரும் இம்மூன்றையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் குழப்பம் உண்டாகிறது. வைஃபை வேறு, இணையம் வேறு. கைப்பேசியில் வைஃபை பெயர் முழுக் கோடுகளோடு தெரிந்தால், கைப்பேசிக்கும் பெட்டிக்கும் இடையிலான வழி நன்றாக இருக்கிறது என்றுதான் பொருள். பெட்டிக்கு வெளியிலிருந்து இணையம் வருகிறதா என்பது தனிக் கேள்வி.

முதலில் கம்பியைப் பார்ப்போம். பெட்டி நம்மோடு லாரியில் ஏறி வரும், கம்பி வராது. இதை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மலேசியாவில் 2010ஆம் ஆண்டு டெலிகோம் மலேசியா நிறுவனம் யூனிஃபை என்னும் பெயரில் ஒளியிழைச் சேவையைத் தொடங்கியது. மயிரிழை போன்ற கண்ணாடி இழைக்குள் ஒளி ஓடி, நம் செய்திகளைச் சுமந்து வருகிறது. அந்த இழை ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியாக இழுக்கப்பட்டு, நிறுவனத்தின் கணக்கில் அந்த முகவரியோடு இணைக்கப்படுகிறது. ஆகவே பழைய வீட்டுப் பெட்டியைப் புது வீட்டில் மாட்டினால் மட்டும் இணையம் வந்துவிடாது. புது வீட்டுச் சுவரில், முன்பு குடியிருந்தவர் விட்டுச் சென்ற சிறு வெள்ளைப் பெட்டி இருக்கலாம். அதில் நம் கம்பியைச் செருகினாலும் பயனில்லை. நிறுவனம் நம் கணக்கை அந்த முகவரிக்கு மாற்றித் தர வேண்டும்.

இதற்கு இடமாற்ற மனு என்று ஒன்று இருக்கிறது. குடிபோகும் நாள் தெரிந்தவுடனேயே நிறுவனத்துக்குச் சொல்லிவிட வேண்டும். புது முகவரிக்கு அவர்கள் சேவை உண்டா, இடமாற்றத்துக்குக் கட்டணம் எவ்வளவு, எந்த நாளில் ஆள் வருவார், ஒப்பந்தம் மீண்டும் புதிதாகத் தொடங்குமா என்று நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பல நிறுவனங்கள் 24 மாத ஒப்பந்தம் போடுகின்றன. புது இடத்துக்குச் சேவை இல்லையென்றால், ஒப்பந்தத்தை முறிக்க என்ன விதி என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றும் சொல்லாமல் வீட்டைக் காலி செய்துவிட்டால், ஆளில்லாத பழைய வீட்டுக்கு மாதாமாதம் பில் வந்துகொண்டிருக்கும். தினக்கூலியில் வாழும் குடும்பத்துக்கு அது சிறிய இழப்பு அன்று. குடிபோவது தோட்டத்துக்குச் சொந்தமான வீடாக இருந்தால், கம்பி இழுப்பதற்கு முன் அலுவலகத்தில் கிராணியிடம் கேட்டு அனுமதி பெறுவதும் நல்லது.

கம்பி வந்துவிட்டது, ஆனாலும் இணையம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். ஒளியிழை வந்து சேரும் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்னும் மூன்று எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, ஒளி நம் வீட்டை வந்து அடையவில்லை என்று பொருள். பி.ஓ.என். என்னும் எழுத்துகளுக்குப் பக்கத்தில் உள்ள விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்தால் ஒளி வருகிறது என்று பொருள்.

சிவப்பு விளக்கைக் கண்டதும் அஞ்ச வேண்டியதில்லை. வீட்டுச் சாமான்களை அடுக்கும்போது அலமாரியின் கால் அந்த மெல்லிய கம்பியின் மேல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒளியிழையைக் கொடிக்கயிறு போல மடித்துக் கட்டலாகாது. கூர்மையாக மடங்கினால் உள்ளே ஒளி கசிந்துவிடும். இழை ஒடிந்தும் போகலாம். இன்னோர் எச்சரிக்கை. அந்தக் கம்பியைக் கழற்றி அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத வகை; ஆயினும் கண்ணுக்குக் கேடு செய்யலாம். பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள். கம்பி மடங்காமல் இருந்தும் சிவப்பு விளக்கு போகவில்லையென்றால், அது நாம் சரிசெய்யும் பழுது அன்று. நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும்.

அடுத்தது பெட்டி. வீடு மாறும்போது எல்லா மின்கம்பிகளையும் ஒரே பையில் திணித்துக் கொண்டு வருகிறோம். புது வீட்டில் ஒன்றின் அடாப்டர் இன்னொன்றில் ஏறிவிடுகிறது. தொலைக்காட்சி டிகோடரின் அடாப்டரும் மோடத்தின் அடாப்டரும் பார்ப்பதற்கு ஒரே சாயலில் இருக்கும்; துளையிலும் சரியாகப் பொருந்தும். ஆனால் மின்னழுத்தம் வேறாக இருக்கலாம். பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட் எண்ணும், அடாப்டரில் வெளிவரும் மின்சாரம் என்று எழுதியிருக்கும் வோல்ட் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் எண் பெட்டி கேட்கும் அளவைவிடக் குறையலாகாது. இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அடாப்டரிலும் காகிதம் ஒட்டிப் பெயர் எழுதி வையுங்கள்.

பெட்டியின் பின்புறத்தில் ஒரே மாதிரியான துளைகள் வரிசையாக இருக்கும். அவற்றுள் ஒன்று பெரும்பாலும் தனி நிறத்தில் இருக்கும். வெளியிலிருந்து வரும் கம்பிக்கு உரிய வாசல் அதுதான். மற்றவை வீட்டுக்குள் உள்ள கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு உரியவை. வந்த அவசரத்தில் கம்பியை வேறு துளையில் செருகிவிட்டால், விளக்கு எரியும், வைஃபை பெயர் தெரியும், இணையம் மட்டும் வராது. பழைய வீட்டில் எடுத்த படம் இங்கே கைகொடுக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? மின்விசையை அணைத்து, ஒன்று முதல் 30 வரை நிதானமாக எண்ணுங்கள். முதலில் ஒளியிழைப் பெட்டியைப் போடுங்கள். அதன் விளக்குகள் நிலைத்த பிறகு வைஃபை பெட்டியைப் போடுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். சோறு வடிக்கும் நேரம் கூட ஆகாது.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால், பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். நிறுவனம் உள்ளே பதித்து வைத்த கணக்குப் பெயரும் மறைச்சொல்லும் அழிந்து போகலாம். அணைத்துப் போடுவது தூங்கி எழுவதைப் போன்றது. அந்தப் பொத்தானை அழுத்துவது நினைவு முழுவதையும் இழப்பதைப் போன்றது. நிறுவனத்தார் சொன்னாலன்றி அதைத் தொடாதீர்கள்.

இனி மூன்றாவது வழியாகிய காற்றுவெளிக்கு வருவோம். நீங்கள் கேட்கும் வானொலியும் வைஃபையும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள், இரண்டும் வானலைகளே. பண்பலை வானொலி 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைகளில் வருகிறது. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய மூன்று மீட்டர். வைஃபையின் ஒரு வகை 2.4 கிகாஹெர்ட்ஸ், அதன் அலை நீளம் சுமார் 12 சென்டிமீட்டர்தான். மற்றொரு வகையாகிய 5 கிகாஹெர்ட்ஸின் அலை அதிலும் பாதியளவே. வானொலி நிலையம் உயர்ந்த கோபுரத்திலிருந்து ஆயிரக்கணக்கான வாட் ஆற்றலில் ஒலிபரப்புகிறது. நம் வீட்டுப் பெட்டியின் ஆற்றலோ பொதுவாக ஒரு வாட்டைக் கூட எட்டாது. அதனால்தான் வானொலி மலையைத் தாண்டி வருகிறது. வைஃபை இரண்டு சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துப் போகிறது.

பழைய வீட்டில் சமையலறை வரை எட்டிய வைஃபை புது வீட்டில் எட்டாததற்கும் இதுவே காரணம். பழைய லயங்களில் பல இடங்களில் பலகைத் தடுப்புகள்தான் இருந்தன. பலகையை அலை எளிதில் ஊடுருவும். அடுக்குமாடியிலோ செங்கல்லும் கான்கிரீட்டும், கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பிகளும் இருக்கின்றன. கான்கிரீட் அலையை விழுங்கும். இரும்பு அதனைத் திருப்பி அடிக்கும். பெட்டி அதேதான், வீடுதான் வேறு.

ஆகவே பெட்டிக்கு நல்ல இடம் பார்க்க வேண்டும். வீட்டின் நடுப்பகுதியில், தலை உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பது சிறந்தது. இரும்பு அலமாரிக்குள்ளும், குளிர்பெட்டிக்குப் பின்னாலும், பெரிய கண்ணாடிக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். மீன்தொட்டிக்குப் பின்னாலும் வேண்டாம். தண்ணீரும் அலையை விழுங்கும். தூசி படியாமல் இருக்கட்டும் என்று துணி போட்டு மூடினால் பெட்டி சூடேறிவிடும். சாமி மேடையில் விளக்குக்கும் சாம்பிராணிக்கும் பக்கத்தில் வைப்பதும் பெட்டிக்கு நல்லதன்று. கம்பி இழுக்க வரும் ஆள் சுவரைத் துளையிடுவதற்கு முன், எந்த இடத்தில் வேண்டும் என்பதை நாமே சொல்ல வேண்டும். வாசலோரத்தில் வைத்துவிட்டுப் போன பிறகு வருந்திப் பயனில்லை.

அடுக்குமாடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. கைப்பேசியைத் திறந்தால் பக்கத்து வீடு, மேல் வீடு, கீழ் வீடு என்று வைஃபை பெயர்கள் வரிசையாகத் தெரியும். சந்தையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூவினால் எவர் குரலும் கேட்காதல்லவா? 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாமல் பயன்படுத்தக் கூடிய தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். நுண்ணலை அடுப்பும் ஏறக்குறைய அதே அலையில்தான் வேலை செய்கிறது. எனவே பெட்டி இருக்கும் அறையிலேயே பாடம் படிக்கும் பிள்ளை 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்துகொள்ளட்டும், வேகம் கூடும். தூரத்து அறையில் இருப்பவர் 2.4இல் இணையட்டும், அது கூடுதல் தூரம் எட்டும்.

சில வேளைகளில் எல்லாக் கைப்பேசியும் வேலை செய்யும், ஒன்று மட்டும் செய்யாது. அப்போது குற்றம் அந்த ஒரு கைப்பேசியில்தான். நிறுவனம் புதுப் பெட்டி கொடுத்திருந்தால் அதன் மறைச்சொல்லும் புதிது. கைப்பேசியோ பழைய மறைச்சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். வைஃபை பட்டியலில் பழைய பெயரைத் தொட்டு, மறந்துவிடு என்பதைத் தேர்ந்தெடுங்கள். மலாய் மொழியில் வைத்திருப்போருக்கு அது லுப்பாக்கான் என்று இருக்கும். பிறகு பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் புது மறைச்சொல்லைக் கொடுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கவனியுங்கள்.

சோதிக்கும்போது கைப்பேசியின் சிம் அட்டைத் தரவை அணைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும். இதில் பலர் ஏமாந்து போகிறார்கள். வைஃபையில் இணையம் இல்லையென்றால் பல கைப்பேசிகள் சொல்லாமல் கொள்ளாமல் சிம் அட்டைக்குத் தாவிவிடும். நாமும் சரியாகிவிட்டது என்று எண்ணி இருப்போம். இரண்டு நாளில் பிரிபெய்ட் பணம் கரைந்துவிடும்.

ஒளியிழை எட்டாத தோட்டங்களில் பலர் சிம் அட்டை போடும் பெட்டியை வைத்திருக்கிறார்கள். இதற்குச் சுவரில் கம்பி கிடையாது. முதல் வழி தொலைத்தொடர்புக் கோபுரம்தான். வீடு மாறினால் கோபுரமும் மாறுகிறது. பழைய டிவிசனில் நன்றாக வேலை செய்த நிறுவனத்தின் சிம், புது இடத்தில் வலுவிழந்து போகலாம். ஆகவே புது வீட்டைப் பார்க்கப் போகும்போதே, பக்கத்து வீட்டாரிடம் எந்த நிறுவனத்தின் சேவை நன்றாக வருகிறது என்று கேளுங்கள். பெட்டியைக் கோபுரம் இருக்கும் திசையை நோக்கிய சன்னலோரத்தில், முடிந்தால் மாடியில் வையுங்கள். சன்னலுக்கு எதிரே செம்பனை மரங்கள் அடர்ந்திருந்தால் அலை குறையும். வேறு சன்னலில் வைத்துப் பாருங்கள். சில நிறுவனங்களின் பெட்டிகள் பதிவு செய்த முகவரியில் மட்டுமே வேலை செய்யும். அதையும் விசாரிக்க வேண்டும். உறவினர் கொடுத்த பழைய பெட்டி 3ஜி மட்டும் உள்ளதாக இருந்தால் அதனால் பயனில்லை. மலேசியாவில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது.

நாம் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்த பிறகு நிறுவனத்தை அழைக்கலாம். வெறுமனே இணையம் வரவில்லை என்று சொன்னால், மறுமுனையில் இருப்பவர் முதலிலிருந்து கேட்டுக்கொண்டே போவார். நாம் கண்டதைச் சொல்ல வேண்டும். "சாயா சூடா பிண்டா ரூமா, லம்பு எல்.ஓ.எஸ். மேரா" என்று ஒரு வரி சொன்னாலே, வீடு மாறியிருக்கிறோம், ஒளி வரவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிடும். கணக்கு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தரும் புகார் எண், பேசிய நாள், நேரம், வருவதாகச் சொன்ன நாள் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பலமுறை சொல்லியும் கவனிக்கவில்லையென்றால், அந்தக் குறிப்போடு மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் முறையிடும் உரிமை நமக்கு உண்டு. எழுதி வைத்தவரின் புகாருக்கு எப்போதும் கூடுதல் வலு இருக்கும்.

இணைய நிறுவனத்திலிருந்து பேசுகிறோம் என்று யாராவது தாமாகவே அழைத்து, கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணையோ வங்கிக் கணக்கு விவரத்தையோ கேட்டால் கொடுக்காதீர்கள். இணையத்தைச் சரிசெய்ய அந்த எண் தேவையே இல்லை.

இறுதியாக, மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்வோம். எல்லாக் கைப்பேசியிலும் வரவில்லையா, ஒன்றில் மட்டும் வரவில்லையா? பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாலும் வரவில்லையா, தூரத்தில் மட்டும் வரவில்லையா? பெட்டியின் விளக்கு என்ன நிறத்தில் இருக்கிறது? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால் பழுது எந்த வழியில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். செய்த பிறகு சோதித்துப் பாருங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எதனால் சரியானது என்பதும் தெரியாது, எதனால் கெட்டது என்பதும் தெரியாது.

தாய்மார்களே, இது படித்த பிள்ளைகளுக்கு மட்டும் உரிய வேலை என்று ஒதுங்கி நிற்க வேண்டாம். பால்மரத்தின் பட்டையைப் பார்த்தே எந்த ஆழத்தில் உளி ஓட வேண்டும் என்று அறிந்த கைகள் நம்முடையவை. பச்சை விளக்குக்கும் சிவப்பு விளக்குக்கும் வேறுபாடு காண்பது அதைவிடக் கடினமா? மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளையை ஏசுவதற்கு முன், அவனை அருகில் உட்கார வைத்து, இருவருமாகச் சேர்ந்து அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பழுதும் தெரியும், காரணத்தைத் தேடும் பழக்கமும் பிள்ளைக்கு வரும். அறிவியல் பாடத்தில் நாங்கள் வகுப்பறையில் கற்றுக்கொடுக்க முயல்வதும் அந்தப் பழக்கத்தைத்தான்.